சிகரெட் பாக்கெட்டின் 80 சதவீதம்: உருகுவே வழக்கு, தொடக்கம் முதல் முடிவு வரை

2010 பிப்ரவரி 19 அன்று பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனம் தென் அமெரிக்காவில் உள்ள உருகுவே நாட்டின் மீது வழக்குத் தொடுத்தது. உருகுவேயின் மக்கள்தொகை சுமார் 34 லட்சம். வழக்குப் போட்ட நிறுவனத்தின் ஆண்டு விற்பனை வரவு அந்த நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியை விடப் பெரியது. வழக்கு போன இடம் உருகுவே நீதிமன்றம் அல்ல. வாஷிங்டனில் உலக வங்கிக் குழுமத்தின் கீழ் இயங்கும் முதலீட்டுத் தகராறு மையம்.

நிறுவனம் சொன்ன குறைகள் இரண்டு. சிகரெட் பாக்கெட்டின் முன்புறமும் பின்புறமும் 80 சதவீத இடத்தை எச்சரிக்கைக்கு ஒதுக்கச் சொன்னது ஒன்று. ஒரு பிராண்டில் ஒரே ஒரு ரகம்தான் விற்கலாம் என்று சொன்னது இன்னொன்று.

இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் "சின்ன நாடு பெரிய கம்பெனியை ஜெயித்தது" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஜெயித்தது உண்மைதான். எப்படி ஜெயித்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. அதற்கு நடுவர் மன்றத் தீர்ப்பையும் அதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொதுவாழ்வில் இருந்த இரண்டு மூன்று பேரை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன். மற்றவர்களை அவர்கள் வகித்த பொறுப்பால் சொல்கிறேன்.

பின்னணி

2003 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஏற்றது. உலக சுகாதார நிறுவனம் தன் அமைப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்த முதல் பன்னாட்டு உடன்படிக்கை அது. 2005 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2003 நவம்பரிலும், இந்தியா 2004 பிப்ரவரியிலும், உருகுவே 2004 செப்டம்பரிலும் ஏற்புறுதி அளித்தன.

பாக்கெட்டைப் பற்றிப் பேசுவது உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு. எச்சரிக்கை குறைந்தது 30 சதவீத இடத்தையாவது பிடிக்க வேண்டும், 50 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது என்கிறது. ஒரு சிகரெட் இன்னொன்றை விடத் தீங்கு குறைந்தது என்ற பொய்யான எண்ணத்தைத் தரும் சொல், குறி, உருவம் எதுவும் கூடாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது வரிதான் பின்னால் வழக்கின் மையமாகப் போகிறது.

உருகுவேயில் 2005 மார்ச்சில் தபரே வாஸ்கெஸ் அதிபரானார். அவர் புற்றுநோய் மருத்துவர். பெற்றோரையும் சகோதரியையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புகையிலையால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 பேர் இறந்துகொண்டிருந்த நாடு அது. 2006 மார்ச் 1 முதல், மூடிய பொது இடங்களிலும் வேலை செய்யும் இடங்களிலும் புகைபிடிக்க முழுத் தடை வந்தது. அமெரிக்கக் கண்டங்களில் இப்படி முழுத் தடை கொண்டுவந்த முதல் நாடு உருகுவே. அதன் பிறகு மாரடைப்போடு மருத்துவமனைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 5ல் 1 பங்கு குறைந்ததாக அங்கே நடந்த ஆய்வு சொன்னது. 2008 மார்ச்சில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சட்டமாக, 18,256ஆம் எண் சட்டமாக, இயற்றினார்கள். எச்சரிக்கைக்குக் குறைந்தது 50 சதவீதம் என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. அந்தக் "குறைந்தது" என்ற சொல்லுக்கு வழக்கில் திரும்ப வருகிறேன்.

சொல் போனது, நிறம் வந்தது

"லைட்", "மைல்டு" என்று பாக்கெட்டில் அச்சிடுவதை உருகுவே 2005லேயே தடுத்திருந்தது. ஏன் என்று தெரிய அந்த சிகரெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். லைட் சிகரெட்டின் ஃபில்டரைச் சுற்றி ஊசி முனை அளவில் வரிசையாகத் துளைகள் இருக்கும். தார் அளக்கும் இயந்திரம் சிகரெட்டை நுனியில் பிடித்து இழுக்கும்போது அந்தத் துளைகள் வழியே காற்று கலந்து புகை நீர்க்கும், தார் அளவு குறைவாகக் காட்டும். மனிதன் பிடிக்கும்போது விரலும் உதடும் அந்தத் துளைகளை மூடிவிடும். நிகோடின் போதவில்லை என்றால் இன்னும் ஆழமாக, இன்னும் அடிக்கடி இழுப்பான். அளவு குறைந்தது இயந்திரத்துக்கு மட்டும்தான். நுரையீரலுக்குக் குறையவில்லை.

சரி, சொல்லைத் தடுத்தாயிற்று. பெட்டிக்கடை அலமாரியில் என்ன மாறியது? சொல் இருந்த இடத்தில் நிறம் வந்து உட்கார்ந்தது. உருகுவேயில் மார்ல்பரோ சிவப்பு, தங்கம், நீலம், பச்சை என்று விற்றது. சிவப்பு என்றால் காரம், தங்கமும் நீலமும் மென்மை என்பது புகைப்பவர்களுக்கு யாரும் சொல்லித் தராமலே புரிந்தது. 2010ல் அமெரிக்காவில் லைட் என்ற சொல்லுக்குத் தடை வந்தபோது, அங்கே அந்தப் பிராண்டை விற்கும் தனி நிறுவனம் பாக்கெட்டோடு ஒரு சீட்டை ஒட்டி அனுப்பியது. பாக்கெட்தான் மாறுகிறது, சிகரெட் அதேதான், இனிமேல் தங்கப் பாக்கெட் என்று கேளுங்கள் என்பது அந்தச் சீட்டின் செய்தி. நிறம் சொல்லின் வேலையைச் செய்கிறது என்பதற்கு இதை விடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இதை உருகுவே தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. வெளிர் நிறப் பாக்கெட்டைத் தீங்கு குறைந்ததாக மக்கள் நினைக்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் அதற்குள் காட்டியிருந்தன. படத்தோடு எச்சரிக்கை போடுவதை முதலில் செய்து காட்டியது கனடா, 2001ல். பக்கத்து நாடான பிரேசில் அடுத்த ஆண்டே அதைச் செய்தது. ஒரு நாட்டின் அனுபவம் அடுத்த நாட்டுக்குப் போய்ச் சேர்வதற்கான பாதையாக உடன்படிக்கையின் கூட்டங்கள் இருந்தன.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு 2008 ஆகஸ்ட் 18 அன்று. சுகாதார அமைச்சகத்தின் 514ஆம் எண் ஆணை. ஒரு பிராண்ட் பெயரின் கீழ் ஒரே ஒரு ரகம் மட்டுமே விற்கலாம். சொல்லைத் தடுத்தால் நிறம் வருகிறது, நிறத்தைத் தடுத்தால் எண் வரும், எண்ணைத் தடுத்தால் இன்னொன்று வரும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஓடுவதை விட்டுவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது ரகமே இல்லாமல் செய்துவிடலாம் என்பது இதன் யோசனை. உலகில் வேறெந்த நாடும் அதுவரை செய்யாத ஒன்று.

இரண்டாவது முடிவு 2009 ஜூன் 15 அன்று. எச்சரிக்கையின் அளவை 50லிருந்து 80 சதவீதமாக்கிய ஆணை. இதற்கு முந்தைய நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கூடிய உறுப்பு நாடுகள் 11ஆம் பிரிவுக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றிருந்தன. எச்சரிக்கை எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். உருகுவே அந்த வரியைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டது.

80 சதவீதம் என்றால் கையில் எப்படி இருக்கும்? வழக்கமான பாக்கெட்டின் உயரம் 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் 7 சென்டிமீட்டர் எச்சரிக்கை. பிராண்ட் பெயருக்கு மிஞ்சுவது ஒரு விரல் அகலப் பட்டை. பெயர் தெரியும், எழுத்து தெரியும், ஆனால் பாக்கெட்டை நிறைத்து நின்ற வடிவமைப்பு தெரியாது.

பிலிப் மோரிஸின் உருகுவேக் கிளை அபால் எர்மானோஸ். ஒற்றை ரக விதி வந்ததும் அது விற்றுவந்த 12 ரகங்களில் 7ஐ விலக்கிக்கொண்டது. மார்ல்பரோவில் சிவப்பு மட்டும் மிஞ்சியது.

இந்த முடிவுகளில் ஒரு குறை இருந்தது. அன்று யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. ஒற்றை ரக விதியை எப்படி யோசித்தார்கள், யாரிடம் கருத்துக் கேட்டார்கள், வேறு வழிகளை ஏன் விட்டார்கள் என்பதற்கு எழுத்து ஆவணம் மிகச் சொற்பம். கூட்டங்கள் நடந்தன, நிபுணர்கள் பேசினார்கள். குறிப்புதான் இல்லை. அரசு அலுவலகங்களை அறிந்த யாருக்கும் இது புதிதல்ல. எல்லோரும் ஒத்துப்போன விஷயத்தை யார் உட்கார்ந்து எழுதுவார்கள்?

வழக்கு வந்தது, அரசு தடுமாறியது

அபால் முதலில் உள்நாட்டு நீதிமன்றங்களுக்குப் போனது. அப்புறம் 2010 பிப்ரவரியில் பன்னாட்டு வழக்கு. பிடிமானம், சுவிட்சர்லாந்தும் உருகுவேயும் 1988ல் செய்துகொண்ட முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம். பிலிப் மோரிஸின் இரண்டு நிறுவனங்கள் சுவிட்சர்லாந்தில் பதிவானவை. எங்கள் வணிகச் சின்னங்களைப் பறித்துவிட்டார்கள், எங்களை நியாயமாக நடத்தவில்லை என்பது வாதம். முதலில் கேட்ட இழப்பீடு சுமார் 2.5 கோடி டாலர். பிறகு அது 2.2 கோடி டாலர் அளவுக்கு வந்தது.

வழக்குத் தொடுத்த சில நாட்களில் ஆட்சி மாறியது. அதே கட்சிக் கூட்டணியைச் சேர்ந்த ஹொசே முஹிக்கா 2010 மார்ச் 1 அன்று அதிபரானார். அந்த ஆண்டின் நடுவில் அரசு இறங்கி வரப்போகிறது என்ற பேச்சு அரசுத் தரப்பிலிருந்தே வந்தது. 80 சதவீதத்தை 65 ஆக்குவது, ஒற்றை ரக விதியைத் தளர்த்துவது என்று யோசித்தார்கள்.

இந்தக் கட்டத்தை வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் முழு வழக்கிலும் முக்கியமான இடமாகப் படுகிறது. அரசைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிதி அமைச்சகத்தில் உட்கார்ந்திருப்பவரின் மேசையிலிருந்து பாருங்கள். தோற்றால் 2 கோடி டாலருக்கு மேல் போகும். ஜெயித்தாலும் வழக்கறிஞர் கட்டணம் பல லட்சம் டாலர். முதலீட்டாளர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலை வேறு. 80ஐ 65 ஆக்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் போலத் தெரிகிறது. ஒரு நாட்டை அடிபணிய வைக்க வழக்கில் ஜெயிக்கத் தேவையில்லை, வழக்கை நடத்துவதற்கான செலவைக் காட்டினாலே போதும்.

புந்தா தெல் எஸ்தே, 2010 நவம்பர்

உடன்படிக்கை உறுப்பு நாடுகளின் 4ஆவது மாநாடு எங்கே நடக்க வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருந்தது. உருகுவேயின் கடற்கரை நகரமான புந்தா தெல் எஸ்தேவில், நவம்பர் 15 முதல் 20 வரை. வழக்குப் போடப்பட்ட நாட்டிலேயே, அந்த ஆண்டிலேயே, 170க்கும் மேற்பட்ட உறுப்பு நாடுகளின் உடன்படிக்கை கூடியது.

மாநாடு ஒருமித்து ஓர் அறிக்கையை ஏற்றது. மக்கள் உடல்நலத்தைக் காக்கும் நடவடிக்கைகளுக்கு முன்னுரிமை தருவதில் உறுப்பு நாடுகள் உறுதியாக இருக்கின்றன என்று அது சொன்னது. வணிகச் சின்ன உரிமை பற்றிய உலக வர்த்தக விதிகள் பொதுச் சுகாதார நடவடிக்கைகளைத் தடுக்கவில்லை என்பதையும் நினைவூட்டியது. சட்டப்படி இந்த அறிக்கை யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் உள்நாட்டில் ஊசலாடிக்கொண்டிருந்த ஓர் அரசுக்கு, தன் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்பதை அது தெளிவாகக் காட்டியது.

அதே சமயத்தில் நியூயார்க் மேயராக இருந்த மைக்கேல் ப்ளூம்பெர்க்கின் அறக்கட்டளை வழக்குச் செலவுக்கு உதவுவதாக அறிவித்தது. முஹிக்கா அரசு தளர்த்தும் யோசனையை விட்டது. விதிகள் அப்படியே நீடித்தன, வழக்கை நடத்துவதென்று முடிவாயிற்று.

கொள்கை உறுதி முதலில் வந்ததா, பணம் முதலில் வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஒன்றில்லாமல் மற்றது நின்றிருக்காது என்பதே என் முடிவு. ஆதரவுத் தீர்மானம் மட்டும் வந்திருந்தால் நிதி அமைச்சகத்தின் கேள்விக்குப் பதில் இருந்திருக்காது. பணம் மட்டும் வந்திருந்தால், அன்னியர் பணத்தில் நடக்கும் வழக்கு என்ற பேச்சைத் தாங்க முடிந்திருக்காது.

வழக்கு நடந்த ஆண்டுகள்

2011ல் பிலிப் மோரிஸ் மான்டிவிடியோவில் இருந்த ஆலையை மூடியது. வேலை இழந்த தொழிலாளர்களுக்கு இந்த வழக்கின் எந்த முடிவும் எதையும் திருப்பித் தராது. அதையும் பதிவு செய்ய வேண்டும்.

நடுவர்கள் 3 பேர். நிறுவனம் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், உருகுவே தேர்ந்தெடுத்தவர் ஒருவர், தலைமை நடுவர் ஒருவர். உருகுவேத் தரப்பு முதலில் அதிகார வரம்பை எதிர்த்தது. பன்னாட்டு வழக்குக்கு முன் 18 மாதம் உள்நாட்டு நீதிமன்றத்தில் வழக்காட வேண்டும் என்ற விதி நிறைவேறவில்லை என்றது. பொதுச் சுகாதாரத்துக்காக அனுமதி மறுக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றது. 2013 ஜூலை 2 அன்று நடுவர் மன்றம் இரண்டையும் ஏற்க மறுத்து, வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்றது. 3 ஆண்டுகள் இதற்கே போயின.

இதற்கிடையில் உள்நாட்டு நீதிமன்றங்களில் நடந்தது உருகுவேக்குப் பெருமை தரக்கூடியதல்ல. எச்சரிக்கை அளவு பற்றி உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஒரு விதமாகப் படித்தது. 50க்கு மேல் போக அரசுக்கு அதிகாரம் தரப்படவில்லை என்று பொருள் வரும்படி அதன் விளக்கம் இருந்தது. நிர்வாக வழக்குகளுக்கான நீதிமன்றம் அதே சட்டத்தை வேறு விதமாகப் படித்து 80 சரிதான் என்றது. "குறைந்தது 50" என்ற ஒரே தொடருக்கு இரண்டு நீதிமன்றங்களில் இரண்டு பொருள். ஒற்றை ரக வழக்கில் இன்னும் மோசம். அபாலின் மனுவைத் தள்ளுபடி செய்த தீர்ப்பில், இன்னொரு சிகரெட் நிறுவனம் போட்டிருந்த வழக்கின் வாதமும் சான்றும் கலந்து வந்திருந்தன. கம்பெனித் தரப்பு இதைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு நீதியே மறுக்கப்பட்டது என்று வாதாடியது. அந்த வாதத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்க முடியாது. நம் வழக்கில் அப்படி நடந்திருந்தால் நாமும் கொதித்திருப்போம்.

2015ல் நிலைமை மாறியது. உலக சுகாதார நிறுவனமும் உடன்படிக்கையின் செயலகமும் சேர்ந்து ஓர் எழுத்து வாதத்தையும், அமெரிக்கக் கண்டங்களுக்கான சுகாதார அமைப்பு தனியாக இன்னொன்றையும் தாக்கல் செய்ய அனுமதி கேட்டன. கம்பெனித் தரப்பு எதிர்த்தது. நடுவர் மன்றம் அனுமதித்தது. பெரிய எச்சரிக்கைப் படம் ஏன் வேலை செய்கிறது, நிறமும் ரகமும் எப்படி ஏமாற்றுகின்றன, எந்தெந்த நாடுகள் என்ன செய்திருக்கின்றன என்பதெல்லாம் அந்த ஆவணங்களில் இருந்தன. அமைச்சகம் 2008ல் எழுதி வைக்காமல் விட்ட காரணங்கள், உலகம் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த கோப்பிலிருந்து வந்து சேர்ந்தன. அக்டோபரில் வாஷிங்டனில் இறுதி விசாரணை நடந்தது.

தீர்ப்பு

2016 ஜூலை 8 அன்று தீர்ப்பு வந்தது. நிறுவனத்தின் கோரிக்கைகள் அனைத்தும் தள்ளுபடி.

சொத்துப் பறிப்பு என்ற வாதத்தை மன்றம் ஏற்கவில்லை. அபாலின் வியாபாரம் பெருமளவு அப்படியேதான் இருக்கிறது. வணிகச் சின்னப் பதிவு, மற்றவர்கள் அந்தச் சின்னத்தைப் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமையைத் தருகிறது. அரசின் ஒழுங்குமுறையை மீறி எப்படியும் பயன்படுத்தியே தீருவேன் என்ற உரிமையைத் தரவில்லை. நல்லெண்ணத்தோடு, பாகுபாடில்லாமல், அளவோடு பொதுச் சுகாதாரத்துக்காக எடுத்த நடவடிக்கை சொத்துப் பறிப்பு ஆகாது.

ஒற்றை ரக விதியில்தான் கத்தி கழுத்துக்கு அருகில் வந்து போனது. எழுத்து ஆவணம் சொற்பம் என்பதை மன்றம் மறைக்காமல் சொன்னது. ஆனாலும் உண்மையான ஒரு சுகாதாரக் கவலைக்காக, அளவுக்கு மீறாமல், நல்லெண்ணத்தோடு செய்தது என்று பெரும்பான்மை ஏற்றது. அதற்கு மன்றம் காட்டிய ஒரு காரணத்தை நான் பலமுறை திரும்பிப் படித்திருக்கிறேன். தொழில்நுட்ப வசதியும் பணவசதியும் குறைந்த உருகுவே போன்ற நாட்டுக்கு, உடன்படிக்கையில் சேர்ந்திருப்பதும் அதன் வழியே நடக்கும் அறிவியல் ஒத்துழைப்பில் பங்கெடுப்பதும், வேண்டிய அறிவைப் பெறுவதற்கு இன்றியமையாத வழியாகக்கூட இருந்திருக்கலாம் என்று மன்றம் சொன்னது. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதிக்கும் தானே தனி ஆய்வு நடத்தியிருக்க வேண்டியதில்லை. கூட்டாகச் சேர்த்த சான்றின் மேல் ஒரு சின்ன நாடு சாய்ந்துகொள்ளலாம்.

நிறுவனம் தேர்ந்தெடுத்த நடுவர் இரண்டு விஷயங்களில் மாறுபட்டார். ஒற்றை ரக விதி உடன்படிக்கையிலும் இல்லை, அதற்கு முன் ஆய்வும் இல்லை, ஆகவே அது தன்னிச்சையானது என்பது ஒன்று. இரண்டு நீதிமன்றங்கள் முரணாகச் சொன்னது நீதி மறுப்பு என்பது இன்னொன்று. பெரும்பான்மை இதை ஏற்கவில்லை. ஆனால் எதிர்காலத்தில் வழக்கு வாங்கப்போகிற அரசுகள் பெரும்பான்மைத் தீர்ப்பை விட இந்த மாறுபட்ட கருத்தைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். ஓட்டை எங்கே இருந்தது என்பதை அது வரி வரியாகக் காட்டுகிறது.

உருகுவே செலவிட்டதில் 70 லட்சம் டாலரை நிறுவனம் தர வேண்டும், நடுவர் மன்றச் செலவு முழுவதையும் ஏற்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. உருகுவேயின் வழக்குச் செலவு ஒரு கோடி டாலரைத் தாண்டியிருந்தது. முழுமையாக ஜெயித்த பிறகும் 30 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை திரும்பி வராமலே போனது.

அதன் பிறகு

2009ல் உருகுவேயில் வயது வந்தோரில் 25 சதவீதம் பேர் புகைத்தார்கள். 2017ல் அது 21.6 சதவீதம். இதில் பாக்கெட்டின் பங்கு எவ்வளவு, வரியின் பங்கு எவ்வளவு, புகையில்லா இடங்களின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நடுவர் மன்றமும் அதைக் கேட்கவில்லை. எடுத்த நேரத்தில் அது நியாயமான நடவடிக்கையா என்றுதான் பார்த்தது.

வெளியே நடந்தது இதை விடப் பெரிது. 2012 டிசம்பரில் வெற்றுப் பாக்கெட்டை, அதாவது பிராண்டின் நிறமும் சின்னமும் இல்லாமல் பெயர் மட்டும் உள்ள பாக்கெட்டை, முழுமையாக நடைமுறைப்படுத்திய ஆஸ்திரேலியா மீது பிலிப் மோரிஸின் ஹாங்காங் நிறுவனம் போட்ட வழக்கு 2015 டிசம்பரில் தள்ளுபடியானது. வழக்குப் போடுவதற்காகவே நிறுவன அமைப்பை மாற்றிக்கொண்டது உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று அந்த மன்றம் சொன்னது. அந்த வழக்குகள் ஓடிய காலமெல்லாம் நியூசிலாந்து தன் வெற்றுப் பாக்கெட் மசோதாவை முடிக்காமல் காத்திருந்தது. 2016 செப்டம்பரில்தான் சட்டம் நிறைவேறியது, 2018ல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தாமதத்தை எந்த நடுவர் மன்றமும் கணக்கெடுத்து யாரிடமும் வசூலிக்கவில்லை.

நம் பக்கமும் அதே எண்கள்தான். இலங்கையில் 2012ல் 80 சதவீத விதி வந்தது. அங்கே சிகரெட் விற்கும் நிறுவனம் வழக்குக்குப் போனது, 2014ல் அது 60 வரை என்று குறைந்தது. 2015ல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80ஐத் திரும்பக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2016 ஏப்ரல் முதல் 85 சதவீதம். 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இன்று பெட்டிக்கடையில் பாக்கெட்டை எடுத்தால் முக்கால் பங்குக்கு மேல் படம் தெரிகிறதே, அது அப்படிப் பிழைத்து வந்த படம்.

உருகுவே 2018 டிசம்பரில் வெற்றுப் பாக்கெட் சட்டத்தையும் இயற்றியது. 2022 செப்டம்பரில், வேறு ஆட்சியில், அந்த விதிகளைத் தளர்த்தி ஓர் ஆணை வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2020 டிசம்பரில், வாஸ்கெஸ் நுரையீரல் புற்றுநோயால் இறந்திருந்தார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலாவதும் முக்கியமானதும், காரணத்தை எழுதி வைப்பது. விதி போடுகிற அன்றே, எந்தப் பிரச்சினைக்காகப் போடுகிறோம், எந்தச் சான்றைப் பார்த்தோம், யாரிடம் பேசினோம், வேறு எந்த வழியை ஏன் விட்டோம் என்று 4 பக்கம் எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். அந்த 4 பக்கம் உருகுவேயிடம் இருந்திருந்தால் மாறுபட்ட கருத்தின் பாதிக்கு இடமே இருந்திருக்காது. எச்சரிக்கை அளவு போல உடன்படிக்கையின் வழிகாட்டு நெறியில் நேரடியாக இருக்கும் விதிக்கு மேற்கோள் போதும். ஒற்றை ரகம் போல யாரும் செய்யாத ஒன்றைச் செய்கிறபோது சொந்தக் காரணம் விரிவாக வேண்டும்.

இரண்டாவது, சட்டத்தின் சொல். "குறைந்தது 50" என்று சட்டத்தில் எழுதும்போதே, அதற்கு மேல் கூட்ட அமைச்சகத்துக்கு அதிகாரம் உண்டு என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் இரண்டு நீதிமன்றங்கள் இரண்டு திசையில் போயிருக்காது. ஒற்றை ரக விதியிலும் ஒரு சந்து இருந்தது. அது ஒரு பிராண்ட் பெயருக்குத்தான் பொருந்தும். அதே சாயலில் புதுப் பெயர் சூட்டி இன்னொரு பாக்கெட்டை அலமாரியில் வைக்க வழி இருந்தது. நிறமும் சின்னமும் மொத்தமாகப் போகும் வெற்றுப் பாக்கெட்டில் அந்தச் சந்து பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. இன்று தொடங்குகிற நாடு நேராக அதற்கே போகலாம்.

செலவைப் பற்றி. 2015 மார்ச்சில் ப்ளூம்பெர்க் அறக்கட்டளையும் கேட்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து 40 லட்சம் டாலரில் இப்படிப்பட்ட வழக்குகளுக்காக ஒரு நிதியம் தொடங்கின. நல்லது. ஆனால் ஒரே ஒரு வழக்குக்கு உருகுவே செலவழித்ததில் பாதிகூட இல்லை அந்தத் தொகை. ஒரு நாட்டின் துணிவு தனியார் கொடையாளரின் மனநிலையைப் பொறுத்திருப்பதும் சரியல்ல. இந்தப் பாதுகாப்பை உடன்படிக்கை உறுப்பு நாடுகளே தங்கள் பங்களிப்பிலிருந்து நிரந்தரமாக ஏற்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2010ல் உருகுவே தடுமாறிய அந்தச் சில மாதங்களில் மாநாடு தற்செயலாக அங்கேயே நடந்தது. அடுத்த நாட்டுக்கு அந்த வாய்ப்பு அமையாது.

முதலீட்டு ஒப்பந்தங்களையும் திருத்த வேண்டும். 1988ல் சுவிட்சர்லாந்தோடு கையெழுத்திட்டபோது சிகரெட் பாக்கெட்டை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 2016 பிப்ரவரியில் கையெழுத்தான பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தில், புகையிலைக் கட்டுப்பாட்டு நடவடிக்கைகளை எதிர்த்து முதலீட்டாளர்கள் இப்படி வழக்குப் போடுவதை உறுப்பு நாடுகள் மறுக்கலாம் என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அந்தப் பிரிவைப் பார்த்து எழுதிக்கொள்வது எந்த நாட்டுக்கும் கடினமில்லை. சுகாதார அமைச்சகத்தில் இருப்பவர்கள் தங்கள் நாட்டு வர்த்தகத் துறையிடம் ஒரு பட்டியல் கேட்டு வாங்க வேண்டும்: நடப்பில் உள்ள முதலீட்டு ஒப்பந்தங்கள் எத்தனை, எதெதில் பொதுச் சுகாதார விலக்கு இருக்கிறது, எதெது எப்போது புதுப்பிக்க வருகிறது. அடுத்த பாக்கெட் விதியை அச்சுக்கு அனுப்பும் முன் அந்தப் பட்டியல் மேசையில் இருக்க வேண்டும்.